விதைக் காராமணியும் சுண்டல் காராமணியும்

ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. கேட்காதவர்களுக்கும் அறிவுரை சொல்லலாம். அவர்களும் மரியாதைக்குத் தலையாட்டி வைப்பார்கள். அதனால், புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று அலுவலகத்திலிருந்து கேட்டபோது நான் கொஞ்சமும் பிகு பண்ணிக்கொள்ளவில்லை. குளிர் வரப்போகிறதென்று கறிவேப்பிலைத் தொட்டியைக் கராஜுக்குள் இழுத்துக்கொண்டிருந்தவள், அதைப் பாதியில் விட்டுவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நம்முடைய மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதை நான் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்லப்போவது ஒரு பகல்பொழுதில் நடந்த சங்கதி. அந்தப் பகலில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து, கென்யாவில் நூற்றுக்கணக்கான இளம் விவசாயிகளின் விதையைப் பாழாக்கப் பார்த்தோம். கெட்ட எண்ணத்தால் அல்ல. கொலுவுக்குச் சுண்டல் செய்ய வேண்டியிருந்ததால்.

முதலில் என்னைப் பற்றி. டெக்சாஸில் டல்லாஸை ஒட்டிய ரிச்சர்ட்சனில் டெலிகாம் நிறுவனங்கள் வரிசையாக இருக்கும் சாலையில் பல வருடம் குப்பை கொட்டினேன். கடைசி ஆட்குறைப்பில் என் பெயரும் வந்தபோது, இனி சும்மா இருக்கலாம் என்று நினைத்தேன், என்னால் முடியவில்லை. அப்போதுதான் இந்தச் சின்ன அமைப்பில் ஆள் தேடினார்கள். ஆப்பிரிக்காவில் விவசாயத்துக்கு வரும் இளைஞர்களுக்கு இணையம் வழியாகவும் போன் வழியாகவும் தகவல் கொடுக்கும் வேலை என்றார்கள். என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பின்னாடி வெச்ச தக்காளிச் செடியையே உன்னால காப்பாத்த முடியல. நீ ஆப்பிரிக்காவுக்கு விவசாயம் சொல்லித் தரப் போறியா?"

அவருக்கு நான் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். நாம் யாருக்கும் விவசாயம் சொல்லித் தருவதில்லை. நாம் செய்வது தரகர் வேலை. இலையில் புள்ளி விழுந்திருக்கிறது என்று ஒரு பையன் படம் எடுத்து அனுப்புவான். பதில் தெரிந்தவரிடம் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்போம். மழை எப்போது, எந்தச் சந்தையில் என்ன விலை, எந்தப் பூச்சி எந்தப் பக்கம் வருகிறது என்பதைச் சிறு செய்தியாக அனுப்புவோம். ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்குப் பதிவு செய்த குரல் அழைப்பாகப் போகும். கல்யாணத் தரகர் பொய் சொன்னால் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். இங்கேயும் அதுதான்.

கென்யாவின் கிழக்குப் பக்கத்தில் மழை குறைந்த மேட்டு நிலம் ஒன்று உண்டு. அங்கே எங்கள் குழுவை நடத்தியவள் முவெண்டே என்ற பெண். கல்லூரி படித்துவிட்டு நகரத்தில் வேலை தேடி அலுத்து, ஊருக்குத் திரும்பி விவசாயம் செய்வேன் என்று அப்பாவிடம் நின்றவள். அவள் அப்பாவுக்கு இதில் துளியும் விருப்பமில்லை. படிக்க வைத்தது மண்வெட்டி பிடிக்கவா என்று கேட்டிருக்கிறார். கடைசியில் ஓடைப் பக்கம் இருந்த ஒரு துண்டு நிலத்தைக் காட்டி, "இந்த ஒரு மழைக்கு மட்டும். முளைத்தால் பார்க்கலாம். இல்லாவிட்டால் நகரத்துக்குப் பஸ் ஏறு" என்று சொல்லிவிட்டார். அந்த நிலத்துக்காக அவள் நல்ல காராமணி விதை வாங்கி வைத்துக்கொண்டு மழைக்குக் காத்திருந்தாள். குழுவில் இருந்த மற்றவர்களும் அவளைப் பார்த்துத்தான் அதே விதையை வாங்கியிருந்தார்கள்.

இந்தப் பக்கம், ரிச்சர்ட்சனில், சரவணன். தாராபுரத்துப் பையன், கெட்டிக்காரன், செய்திகளை அனுப்பும் அமைப்பு முழுக்க அவன் பொறுப்பு. அலுவலகத்தில் அமெரிக்க வழக்கப்படி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். கோவிலிலோ விசேஷத்திலோ பார்த்தால் ஆன்ட்டி. அலுவலகத்திலேயே "ஆன்ட்டி" என்று வந்து நின்றால் ஏதோ பெரிதாகக் கவிழ்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

அலுவலகத்தில் எங்கள் மென்பொருள் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. அமைப்பைச் சோதித்துப் பார்க்க ஏதாவது ஒரு செய்தி அடித்து அனுப்ப வேண்டும். செய்தியில் ஒரு பயிரின் பெயர் இல்லாவிட்டால் அமைப்பு அதை ஏற்றுக்கொள்ளாது. எல்லோரும் நம்மவர்கள் அல்லவா, பயிர் என்றதும் சமையலறைதான் ஞாபகத்துக்கு வரும். "கத்தரிக்காய் வதக்கவும்", "துவரை தீர்ந்துவிட்டது, வாங்கவும்" என்று ஆளாளுக்கு வீட்டுக் கணக்கை அடித்து விளையாடுவோம். நானும் அடித்திருக்கிறேன். சோதனைச் செய்தி எங்களுக்குள்ளேயே சுற்றிவிட்டு அழிந்து போகும். யாருக்கு என்ன நஷ்டம் என்று இருந்தோம்.

நவராத்திரி நேரம். சரவணனின் மனைவி காயத்ரி மருத்துவமனையில் வேலை பார்ப்பவள். மறுநாள் அவர்கள் வீட்டுக்குக் கொலு பார்க்க ஆட்கள் வருவதாக இருந்தது. தனக்கு வேலை முடிய நேரமாகும், இன்று இரவே காராமணியை ஊற வைத்துவிடு, மறந்தால் பார் என்று காலையில் அவனுக்குப் போன் செய்திருக்கிறாள். அவன் போனை வைத்த கையோடு சோதனைப் பெட்டியில் ஆங்கிலத்தில் அடித்தான்: "காராமணியை இன்று இரவே ஊற வைக்கவும். மறக்க வேண்டாம்." சோதனைக்கும் நிஜத்துக்கும் நடுவில் இருந்த பூட்டு அன்று திறந்து கிடந்தது. அது ஏன் திறந்து கிடந்தது என்பதற்குத் தனி விசாரணை நடந்தது, பூட்டும் மாறிவிட்டது, அதை விடுங்கள். செய்தி கென்யாவின் பொதுமொழியான சுவாஹிலியில் தானாகவே அழகாக மொழிபெயர்க்கப்பட்டு, காராமணி பயிரிடுவதாகப் பதிந்திருந்த முவெண்டேயின் பகுதிக்கு, எங்கள் அமைப்பின் பெயரிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கே அப்போது சாயங்காலம்.

எங்களுக்கு அது மதிய உணவு நேரத்தில்தான் தெரிந்தது. நான் தயிர் சாதத்தைத் திறந்த நேரம், சரவணன் லேப்டாப்போடு வந்து நின்றான்.

"ஆன்ட்டி, தப்பு நடந்து போச்சுங்க."

முவெண்டே குழுவின் இணையப் பக்கத்தைத் திறந்து காட்டினான். வரிசையாகப் படங்கள். வாளியில் விதை, அண்டாவில் விதை, குழந்தையைக் குளிப்பாட்டும் பேசினில் விதை. "ஊற வைத்துவிட்டேன்" என்று ஒவ்வொருவரும் பெருமையாகப் போட்டிருந்தார்கள். அப்படியானால் மழை நாளைக்கே வருகிறதா என்று ஒரு பையன் கேட்டிருந்தான். ஊறிய விதையை உடனே ஈர மண்ணில் போடாவிட்டால் அது பாழ். மழை பத்து நாளைக்குள் வரும் என்பதற்கே அறிகுறி இல்லை. எங்கள் பேச்சை அவர்கள் நம்பாமல் இருந்திருந்தால் ஒரு மணி விதையும் நனைந்திருக்காது. நம்பியதுதான் வினையாகிவிட்டது.

சரவணன் ஏற்கெனவே ஒரு மன்னிப்புச் செய்தியை எழுதி வைத்திருந்தான். நல்ல பையன், ஒளிக்கத் தெரியாதவன். மன்னிக்கவும், அது விதைக்கானது அல்ல, என் வீட்டுச் சமையலுக்காக எழுதியது, தயவுசெய்து பொருட்படுத்த வேண்டாம் என்று உண்மையை உள்ளபடி எழுதியிருந்தான். அனுப்பட்டுமா என்று கேட்டான். நானும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அதற்குள் அவனே அந்தப் படங்களில் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்து, "இந்தத் தண்ணி ஏனுங்க ரோஸ் கலர்ல இருக்குது?" என்றான்.

பார்த்தேன். எல்லா வாளியிலும் தண்ணீர் ரோஸ் நிறம். கடையில் வாங்கிய விதை. பூச்சி அரிக்காமல், பூஞ்சை பிடிக்காமல் இருக்க மருந்து பூசி, சாப்பிடக்கூடாது என்று தெரிவதற்காகவே சாயம் ஏற்றிய விதை. இப்போது சாயம் தண்ணீரில் கரைந்துவிட்டது. காலையில் அந்த விதையை அலசினால் பார்வைக்குச் சாதாரணக் காராமணி. அது சமையலுக்கான செய்தி என்று இப்போது நாம் சொன்னால், பொருட்படுத்த வேண்டாம் என்றும் சொன்னால், ஊறிய விதையை வைத்துக்கொண்டு மழையில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு வீட்டில் என்ன செய்வார்கள்? வீணாக்குவானேன் என்று அடுப்பில் ஏற்றுவார்கள். நான் அந்த வீட்டில் இருந்தால் அதைத்தான் செய்வேன்.

"அனுப்பாதே. கையை எடு" என்றேன். அந்த வயதில் அவ்வளவு வேகமாக நான் எழுந்தது எனக்கே ஆச்சரியம்.

நீங்கள் மறக்கக் கூடாத இடம் இதுதான். தப்பு நடந்ததும் நம் மனது மன்னிப்புக் கேட்கத் துடிக்கும். மன்னிப்புக் கேட்டால் நமக்கு நெஞ்சுப் பாரம் இறங்கும். ஆனால் எதிரில் இருப்பவனுக்கு அந்த நேரத்தில் நம் நெஞ்சைப் பற்றி என்ன? அவன் கை வாளிக்குள் இருக்கிறது. அந்தக் கை அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதுதான் அவனுக்கு வேண்டும்.

எங்கள் இயக்குநர் டெக்சாஸ்காரர், பொறுமைசாலி, யாரையும் கடிந்து பேசாதவர். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நாளைக் காலை பயிர் நிபுணரோடும் வழக்கறிஞரோடும் கூடிப் பேசி, சரியான ஒரு செய்தியாக அனுப்பலாம் என்றார். இன்னொரு தப்பான செய்தி போனால் நம்மை யாருமே நம்ப மாட்டார்கள் என்பது அவர் பயம். நியாயமான பயம்தான். ஆனால் விதைக்குக் கூட்டம் தெரியாது. நீங்கள் கூடிப் பேசுவதற்குள் அது முளை விட்டுவிடும், முளை விட்டபின் அதைக் காயவைத்தால் செத்துப்போகும் என்று கொஞ்சம் குரலை உயர்த்தியே சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு, நிபுணரை இப்போதே பிடிக்க முடியுமா என்று கேட்டார். நல்ல மேலதிகாரிக்கு அதுதான் அடையாளம். தன் முடிவை மாற்றிக்கொள்ள அவருக்கு மூச்சுவிடும் நேரம் போதும்.

நைரோபியில் இருந்த நிபுணர் உறவினர் வீட்டு விருந்தில் இருந்தார். பின்னால் பாட்டும் சிரிப்பும் கேட்டன. விஷயத்தைச் சொன்னதும் வாசலுக்கு வந்து பேசினார். விடிவதற்குள் விதையைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட வேண்டும். துணியில் மெல்லியதாகப் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும், வெயில் ஆகவே ஆகாது. முளை எட்டிப் பார்க்காத விதை பிழைத்துக்கொள்ளலாம், மழை வந்ததும் விதைக்கலாம். சாப்பிடவோ கோழிக்குப் போடவோ கூடாது, தண்ணீரை ஆடு மாடு வாய்வைக்காத இடத்தில் குழிக்குள் கொட்ட வேண்டும். எவ்வளவு பிழைக்கும் என்று கேட்டேன். அதற்கு மட்டும் தன்னால் சத்தியம் பண்ண முடியாது என்றார்.

அடுத்தது, யார் சொல்வது? எங்கள் பெயரில் இன்னொரு செய்தி போனால், எது நிஜம் எது தப்பு என்று அவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? அதுவும் சுவாஹிலியில், எழுத்தில், தூங்கப் போகும் நேரத்தில். அங்கே வீட்டில் பேசும் மொழி கம்பா. அந்த மொழியில், அவர்களுக்குத் தெரிந்த ஒரு குரல் வேண்டும். முவெண்டேயைக் கூப்பிட்டேன்.

அவளும் ஊற வைத்திருந்தாள். முழு விதையையும். மிச்சம் ஒரு பிடிகூட வைக்கவில்லை. அப்பா பார்த்துவிட்டு, மழையே இல்லையே என்று கேட்டதாகவும், டெக்சாஸில் இருப்பவர்கள் வானத்தைக் கருவி வைத்துப் பார்க்கிறார்கள் என்று தான் வாதாடியதாகவும் சொன்னாள். கேட்கும்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது. நடந்ததையும் நிபுணர் சொன்ன வழியையும் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை, சுண்டல் உட்பட.

உன் குரலில் பதிவு செய்து கொடு, நாங்கள் எல்லா போனுக்கும் அனுப்புகிறோம் என்று கேட்டேன். அவள் கேட்டது ஒரே கேள்வி.

"நீங்கள் சொன்னபடி உலர்த்தினால் அது முளைக்குமா?"

சரவணன் என் முகத்தைப் பார்த்தான். இயக்குநர் பார்த்தார். முளைக்கும் என்று சொல்லிவிட்டால் அவள் உடனே பதிவு செய்து கொடுத்துவிடுவாள். நேரமோ ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் விதை செத்தால் ஊரில் வசவு வாங்கப் போவது அவள். ரிச்சர்ட்சனில் ஏசி அறையில் இருக்கும் எங்களை யார் வந்து கேட்கப் போகிறார்கள்? பஸ் ஏற வேண்டியதும் அவள்தான்.

"தெரியாது முவெண்டே. பிழைக்கலாம் என்கிறார்கள். அதற்கு மேல் எனக்குத் தெரியாது" என்றேன்.

"அப்படியானால் அதையும் சேர்த்தே சொல்கிறேன்" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் பதிவு வந்தது. எங்களில் யாருக்கும் கம்பா தெரியாது. நிபுணரிடம் போட்டுக் காட்டி அர்த்தம் கேட்டுக்கொண்டோம். முதலில் விதையை வெளியே எடு என்று சொல்லியிருந்தாள். அடுத்து நிழல், துணி. அடுத்து, யாரும் வாயில் வைக்காதே, தண்ணீரைக் குழியில் கொட்டு. அதன் பிறகு, இது பிழைக்குமா என்று எனக்கு உறுதியாகத் தெரியாது, நானும் என் விதையை இப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று. எங்கள் தப்பு என்பது கடைசியில், ஒரே வரியில். சமையல் பற்றிப் பேச்சே இல்லை. அதை நாங்கள் பிறகு, விதையெல்லாம் மண்ணுக்குள் போன பிறகு, விவரமாக எழுதி மன்னிப்புக் கேட்டோம்.

அழைப்பு போகத் தொடங்கியது. தூங்கியவர்களுக்காக, அவர்கள் ஊரில் கோழி கூவும் நேரத்தில் இன்னொரு முறையும் போனது. பக்கத்து வீட்டுப் போனில் மகளின் குரலைக் கேட்டுவிட்டு முவெண்டேயின் அப்பா எழுந்து வந்தாராம். அண்டாவின் ஒரு பக்கத்தைப் பிடித்தாராம். இருவருமாகத் தூக்கி வடிகட்டியிருக்கிறார்கள்.

அடுத்து வந்த நாட்களில் நான் டல்லாஸ் வானிலையைப் பார்க்கவே இல்லை. தினமும் கென்ய வானிலைதான். என் மகள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள், "அம்மா, ஆர் யூ மூவிங் தேர்?" என்று கேலி செய்தாள். சரவணன் வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னான். போகிறதானால் விதை முளைத்த பிறகு போ, இப்போது உன் கை எனக்கு வேண்டும் என்று அதட்டி உட்கார வைத்தேன். அவர்கள் வீட்டுக் கொலுவுக்கும் போனேன். டின்னில் அடைத்த கொண்டைக்கடலையில் சுண்டல் செய்திருந்தார்கள். காராமணி எங்கே என்று காயத்ரியிடம் நான் கேட்கவில்லை.

மழை வந்தது. நாங்கள் பயந்ததைவிடச் சீக்கிரமாகவே வந்தது. அது கடவுள் புண்ணியம், எங்கள் சாமர்த்தியம் அல்ல. பெரும்பாலான விதை முளைத்தது. யாரும் அதைச் சாப்பிட்டு நோயில் விழவில்லை. சிலருக்கு முளைக்கவே இல்லை. பக்கத்து நிலத்துக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் விதை பகிர்ந்து கொடுத்திருக்கிறார்கள். முவெண்டேயின் நிலத்தில் அங்கங்கே சொட்டை விழுந்து, பார்க்கச் சுமாராகத்தான் வந்தது. அப்பா என்ன சொல்வாரோ என்று நான் பயந்துகொண்டே கேட்டேன். அறுவடை முடிந்ததும் அவர் வந்து நின்று பார்த்துவிட்டு, அடுத்த மழைக்கு ஓடைப் பக்கம் வேண்டாம், மேல் நிலத்தை எடுத்துக்கொள், அங்கே மண் நல்ல மண் என்றாராம். போனை வைத்துவிட்டு நான் அலுவலகத்தில் எல்லோருக்கும் டோனட் வாங்கினேன்.

அவளுக்கு நன்றி சொல்லிப் பாராட்டுப் பத்திரம் கொடுக்க இயக்குநர் விரும்பினார். அவள் அது வேண்டாம் என்று சொல்லி, வேறொன்று கேட்டாள். தன் பகுதிக்குப் போகும் எந்தச் செய்தியும் தன் கண்ணில் பட்டுத்தான் போக வேண்டும். தான் வேண்டாம் என்றால் போகக் கூடாது. அலுவலகத்தில் ஒரே சலசலப்பு. வேகம் குறையும் என்றார்கள். நான் அவள் பக்கம் பேசி, வாங்கிக் கொடுத்தேன். என்ன ஒரு பெருந்தன்மை எனக்கு என்று இரண்டு மூன்று வாரம் மிதப்பாகத் திரிந்தேன்.

அடுத்த பருவம் வந்தது. அவள் நிறுத்திய முதல் செய்தி நான் எழுதியது.

மூக்குக்கு மேல் கோபம் வந்தது எனக்கு. அந்த வாரம் நல்ல மழை, விதைப்புக்குத் தயாராகலாம் என்று, நம்பகமான இடத்திலிருந்து எடுத்து, இரண்டு தடவை சரிபார்த்து எழுதியிருந்தேன். போனைப் போட்டு, ஏன் என்று கேட்டேன். என் வரைபடத்தில் மழை, அவள் பகுதியின் நடுவில் நிற்கும் மலைக்கு எந்தப் பக்கம் காட்டுகிறது என்று அவள் கேட்டாள். வரைபடம் மாவட்டம் முழுவதையும் ஒரே நிறத்தில்தான் காட்டியது. அதை அவளிடம் சொன்னேன். மலை என்று ஒன்று அங்கே இருப்பதே அதற்குத் தெரியாது போல என்று அவள் சிரித்தாள். மேகம் பெரும்பாலும் மலைக்குக் கிழக்கேயே கொட்டித் தீர்ந்துவிடும், மேற்கே வந்து சேருவது நிச்சயமில்லை என்றாள்.

கோபத்தோடேயே மாற்றி எழுதினேன்: மலைக்குக் கிழக்கே மழை வரலாம், மேற்கே உறுதியில்லை, மண்ணின் ஈரத்தைப் பார்த்துவிட்டு விதையுங்கள். அவள் விட்டாள், செய்தி போனது.

அந்த வாரம் மழை மலைக்குக் கிழக்கேதான் பெய்தது. மேற்கே ஒரு சொட்டு இல்லை. முவெண்டே ஒரு படம் அனுப்பினாள். மலைக்கு மேற்கே, உழுது தயாராக இருந்த அவளுடைய மேல் நிலம், புழுதி பறந்துகொண்டிருந்தது. அதன் வரப்பில் விதை மூட்டை, இன்னும் வாய் அவிழ்க்காமல்.